உட்கார்ந்தே கழியும் பள்ளி நாள்

ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளைகள். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் பெரும்பாலான நேரம் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு என்றால் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வேறு. உடற்கல்விப் பாடவேளையும் பல நாள் வேறு பாடத்துக்குப் போய்விடுகிறது.

உட்கார்ந்திருப்பதால் என்ன கெட்டுவிடும்? லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், 1953இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் இருக்கையிலேயே இருப்பார். நடத்துநர் பயணச்சீட்டு கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே பேருந்துதான். ஆனால் இதய நோய் நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் கடுமை குறைவாக இருந்தது.

இதன் காரணத்தை அறிவியல் பாடத்திலேயே விளக்கலாம். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து, ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் தசை ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் இரண்டும் மந்தமாகின்றன. இதுவே பல ஆண்டுப் பழக்கமானால் நீரிழிவு, இதய நோய் வாய்ப்பு கூடுகிறது.

5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம். இதோடு, உட்காரும் நேரத்தையும் குறைக்கச் சொல்கிறது. எனவே விளையாட்டும் வேண்டும், இடையிடையே எழுந்திருக்கவும் வேண்டும்.

என் வகுப்பில் பாடவேளையின் நடுவில் இரண்டு நிமிடம் ஒதுக்குகிறேன். சரி என்பவர்கள் சன்னல் பக்கம், தவறு என்பவர்கள் கரும்பலகைப் பக்கம் போக வேண்டும். நடக்க இயலாத மாணவர் இருந்தால் அன்று எல்லோருக்கும் கையசைவுதான் விடை. குறிப்பேடுகளை ஒருவரே சேகரிக்காமல் அவரவர் கொண்டுவந்து வைக்கிறார்கள். பாடம் பின்தங்கவில்லை, கடைசிப் பெஞ்சின் கொட்டாவிதான் குறைந்தது.

நமக்கும் இது பொருந்தும். விடைத்தாள் திருத்தும்போது ஒரு கட்டு முடிந்ததும் வராந்தாவில் ஒரு நடை போய் வரலாம்.

உடற்கல்வி ஆசிரியரிடம், “இன்று மட்டும் உங்கள் பாடவேளையைக் கொடுங்கள்” என்று கேட்கும் முன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம்: அந்த மாணவர்கள் அன்று ஓடி விளையாட அது ஒன்றுதான் நேரமாக இருக்கக்கூடும்.