உஷார்! அந்த நாணயத்தில் விரல் வைக்காதீர்கள்

பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டு ஊரில் இருக்கிற பெற்றோர்களே, சிதம்பரத்தில் அறை எடுத்துப் படிக்கிற தம்பி தங்கைகளே, இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். ராத்திரி விளக்கை அணைத்து, ஒரு சார்ட் பேப்பரில் ஏ முதல் இசட் வரை எழுதி, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தையோ கவிழ்த்த டம்ளரையோ வைத்து, நாலு பேர் விரலை வைத்துக்கொண்டு "யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்கிற கூத்து தமிழ்நாட்டு விடுதிகளுக்குப் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் சீனியர் அக்கா சொல்லித்தான் ஜூனியர் தெரிந்துகொள்வாள். பெரும்பாலும் அந்த அறையோடு முடிந்துவிடும். இப்போது கைப்பேசியில் விரலைத் தேய்த்தால் ஜப்பான் பேய், கொரியா பேய், மெக்சிகோ பேய் என்று வரிசையாக வந்து விழுகின்றன, ஆடும் விதிமுறைகளோடு.

ஆவி வராது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஆட்டம் முடிந்து பத்து நாளில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பவற்றை நினைத்துத்தான் இந்தக் கூச்சல்.

முதலில் இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 'ஓயிஜா போர்டு' ஏதோ பழங்கால மாந்திரீகப் பலகை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அது அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் விற்பனைக்கு வந்த விளையாட்டுச் சாமான். 1891 பிப்ரவரியில் எலைஜா பாண்ட் என்பவர் பெயரில் காப்புரிமை தரப்பட்டது. பின்னாளில் அது மோனோபொலி அட்டையைத் தயாரித்த பார்க்கர் பிரதர்ஸ் கைக்குப் போனது, அதன் பிறகு ஹாஸ்ப்ரோவிடம். பொம்மைக்கடை வழியாக வந்த ஆவி! ஜப்பானில் இதன் தங்கை முறை ஆட்டம் 'கொக்குரி-சான்'. மூன்று மூங்கில் கால்மேல் ஒரு மூடியை வைத்து ஆடியது, இப்போது பத்து யென் நாணயத்துக்கு வந்து நிற்கிறது. 1880-களில் அது அந்த நாட்டைப் பிடித்து ஆட்டியபோது இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர் ஆராய்ந்து, ஆடுகிறவர்களின் எதிர்பார்ப்பும் உடலும்தான் ஆட்டுகின்றன என்று எழுதிவிட்டார். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஆட்டம் நிற்கவில்லை. கொரியாவில் அதுவே 'புன்ஷின்சாபா', சீனாவில் பேனா ஆவி.

2015 மே மாதம் உலகம் முழுக்கப் பரவியது 'சார்லி சார்லி'. பென்சில் மேல் பென்சிலைக் குறுக்காக வைத்து, "சார்லி, இருக்கியா?" என்று கேட்க வேண்டும். சார்லி ஒரு மெக்சிகோப் பேயாம். ஸ்பானிஷ் பேசுகிற நாட்டுப் பேய்க்கு இங்கிலீஷ் பெயர் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மெக்சிகோவின் நாட்டார் கதைகளில் அப்படி ஒரு பேயே கிடையாது. வழுவழுப்பான பென்சில் மேல் நிற்கிற இன்னொரு பென்சிலை அசைக்க உங்கள் மூச்சுக்காற்று போதும். ஃபிஜி நாட்டுக் கல்வித்துறை பள்ளிகளில் இதைத் தடை செய்கிற அளவுக்குப் போய்விட்டது விவகாரம்.

நாணயம் நகர்வது பொய்யில்லை. நகர்த்துவது நீங்களேதான், நகர்த்துகிறோம் என்று உங்களுக்கே தெரியாமல். 1853-ல் இங்கிலாந்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவி கூப்பிடும் மோகம் தலைக்கேறியபோது மைக்கேல் ஃபாரடே, அதே மின்சார மேதைதான், ஒரு காரியம் செய்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவில் லேசாக ஒட்டிய அட்டைகளை அடுக்கி வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் அடியிலுள்ள அட்டை முந்திச் சரிந்திருக்க வேண்டும், முந்தியது மேலட்டை. கைதான் மேசையைத் தள்ளியிருக்கிறது. இன்றைக்கும் ஓயிஜா ஆடுகிறவர்களின் கண்ணைக் கட்டிவிட்டுப் பலகையைத் தெரியாமல் திருப்பி வைத்தால், எழுத்து முன்பு எங்கே இருந்ததோ அந்த வெற்றிடத்துக்கே விரல்கள் போகும். உடனே சோதித்துப் பார்க்கிறேன் என்று இன்று ராத்திரியே உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படி உட்காருவதுதான் ஆட்டம்.

கண்ணாடி ஆட்டமும் இதே கதை. மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே 'ப்ளடி மேரி' என்று கூப்பிடுவது. இத்தாலியின் ஜியோவன்னி கபுட்டோ 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஐம்பது பேர் மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்த்தார்கள். எந்தப் பேரும் யாரும் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தங்கள் முகம் கோரமாக மாறித் தெரிந்தது. சிலருக்கு அறியாத முகம், சிலருக்கு மிருகம். கண்ணும் மூளையும் சோர்ந்தால் செய்கிற வேலை அது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் அலற வேண்டும் என்றால், இந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே தூண்டில் ஒளிந்திருக்கிறது: முறைப்படி விடைபெறாமல் எழுந்துவிட்டால் ஆவி கூடவே வரும். கொக்குரி-சானில் ஆவியை அனுப்பிவைத்துவிட்டு அந்த நாணயத்தைச் சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும். சார்லியிடம் போகலாமா என்று கேட்க வேண்டும். பாதியில் வார்டன் செருப்புச் சத்தம் கேட்டு நாலு பேரும் விளக்கைப் போட்டு ஓடினால் என்ன ஆகும்? பரீட்சைப் பயம், ஊர் ஏக்கம், காதல் குழப்பம் என்று ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு அன்று முதல் ஒவ்வொரு கதவுச் சத்தமும் சாட்சி ஆகிவிடும். நாலாம் ராத்திரி நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தமாதிரி இருக்கும், கை கால் அசையாது, கத்த வாய் வராது. நம்மூரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். ஜப்பானில் கனாஷிபாரி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து அமுக்குகிறாள் என்பார்கள், மெக்சிகோவில் செத்தவன் மேலே ஏறிவிட்டான் என்பார்கள். மூளை விழித்துவிட்டது, உடம்பு இன்னும் கனவுத் தூக்கத்தின் பிடியில் இருக்கிறது, அவ்வளவுதான். தூக்கம் கெட்டவர்களுக்கு அடிக்கடி வரும், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகும். அந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்வது? பக்கத்துக் கட்டில் தோழி, "நாணயத்தை இன்னும் செலவழிக்கலையாடி?" என்றுதான் கேட்பாள்.

பயம் தொற்றும். 2022 ஜூலையில் உத்தரகாண்ட் மாநிலம் பாகேஷ்வர் மாவட்டப் பள்ளி ஒன்றில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக அலறி மயங்கினார்கள். 2016 ஏப்ரலில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் கறுப்பு உருவம் கண்டதாக மாணவிகளும் ஆசிரியைகளும் அலற, பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. கொலம்பியாவின் கலேராஸ் பள்ளியில் 2023 மார்ச்சில் 28 மாணவிகள் பதற்றத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். ஓயிஜா ஆடியதாகப் பேச்சு. இவர்கள் யாரும் நடிக்கவில்லை. வேகவேகமாக மூச்சு வாங்கினால் தலை சுற்றும், உதடு மரத்துப்போகும், கைவிரல்கள் தானாக மடங்கி இறுகும். அதைப் பார்க்கிற அடுத்தவளுக்கும் மூச்சு வாங்கும்.

இங்கேதான் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கொலம்பியாவில் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் விளையாட்டு வெளிநாட்டுது, வைத்தியம் உள்ளூர்து. லீவுக்கு வந்த பெண் சரியாகச் சாப்பிடவில்லை, தனியாகச் சிரிக்கிறாள், ராத்திரி அலறுகிறாள் என்றதும் "காத்து கருப்பு பட்டிருக்கு, பயந்த கோளாறு" என்று பாட்டி சொல்வார். விபூதி போடுவது, மந்திரிப்பது வரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். பயந்த பிள்ளைக்குப் பாட்டியின் கை ஒரு ஆறுதல். அதோடு நிற்பதில்லை. அந்தப் பெண் ஹாஸ்டலில் ஆவி கூப்பிட்டாள் என்ற செய்தி வாய் தவறி வெளியே வந்ததும் பம்பையும் உடுக்கையும் வந்துவிடும். "எந்த ஊருடா நீ, எதுக்குடா வந்த?" என்று சாட்டையும் வேப்பிலையுமாக அடித்துக் கேட்டு, உச்சி முடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள்.

இஸபெல் நபகோவ் என்ற மானுடவியலாளர் பழைய தென்னார்க்காட்டில் தங்கி இந்தப் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். பேய் பிடித்ததாக அழைத்துவரப்பட்டவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான இளம்பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்ட பேயோ அற்பாயுசில் செத்த ஆண்பிள்ளை. புருஷன் வீட்டில் ஒட்ட முடியாத பெண்ணின் வாயிலிருந்து வந்த பேச்சையெல்லாம் பேயின் பேச்சாக்கி, பேயை அனுப்பி, அவளையும் மாமியார் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிடுவார்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்க ஆளில்லை. இந்தப் பழைய இயந்திரம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. அதற்குள் பதினேழு வயசுப் பெண் தானே போய் விழுவதற்கு அந்த ஒரு ரூபாய் நாணயம் போதும். நாளைக்கு அவளுக்கு ஒரு வரன் பார்த்தால்கூட ஊர் அந்தப் பேச்சைத்தான் எடுக்கும்.

நம் பரம்பரையில் பேய் இவ்வளவு பயங்கரமாகவும் இருந்ததில்லை. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் பசியோடு கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டார். சுடுகாட்டில் ஆடுகிறவரைத்தான் சிதம்பரத்தில் கும்பிடுகிறோம். நீட்டில் எத்தனை மார்க் வரும் என்று பேயிடம் கேட்கிற வழக்கம் நமக்கு இருந்ததே இல்லை.

அடுத்த தூண்டில் இரவு வீடியோ. பேய் வீடியோ எடுக்கிறேன் என்று நள்ளிரவில் கிளம்புகிறவர்களே, தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை 1758-ல் பிரெஞ்சுக்காரர்களால் தகர்க்கப்பட்டது. இடிபாட்டில் காத்திருப்பது பாம்பும் தளர்ந்த செங்கல்லும்தான். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையிலும் வக்காரமாரி நீர்நிலையிலும் முதலைகள் இருக்கின்றன. பட்டப்பகலில் ஆற்றில் இறங்கியவர்களையே அவை கொன்றிருக்கின்றன. இருட்டில் தண்ணீரோரம் போய் மோகினியைத் தேடுகிறவனை அது பேயா மனுஷனா என்று விசாரித்துக் கடிக்காது. சில்வர் பீச்சில் சுனாமிப் பேய் தேடுவது இன்னும் மோசம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் பிள்ளையையும் தாயையும் பறிகொடுத்தவர்கள் இன்றும் அங்கேதான் வலை உலர்த்துகிறார்கள். ஜப்பானின் இஷினோமாகியில் 2011 சுனாமிக்குப் பிறகு ஆவிகளை ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்சி ஓட்டுநர்கள் அந்தப் பயணிகளைப் பற்றி மரியாதையோடு பேசினார்கள். லைக்குக்காகக் கூச்சல் போடவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அலற வைப்பது நோயைப் பேய் என்று நம்பிக் காலத்தைக் கடத்துவது. வலிப்பு நோயில் சிலருக்கு இல்லாத வாசனை வரும், பேச்சு மாறும். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் சில தாய்மாருக்குச் சித்தம் கலங்கும். தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. 2007-ல் மருத்துவ உலகம் அடையாளம் கண்ட ஒரு மூளை அழற்சி இளம்பெண்களை அதிகம் தாக்குகிறது: திடீர் வெறி, உளறல், முகம் கோணல், வலிப்பு. பார்த்தால் பேய் பிடித்தமாதிரியே இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். புளியமரத்தடியில் கழிகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு நஷ்டம்.

ஏர்வாடியை மறந்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநல விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். மனநலம் குன்றியவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தாயத்து கட்டி வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ஒரு மண்டலம் விட்டுட்டுப் போங்க" என்று யார் சொன்னாலும், எந்தச் சாமி பெயரில் சொன்னாலும், பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

விடுதியில் ஒரு பெண் அலறி விழுந்தால் கூட்டத்தைக் கலையுங்கள், அது முதல் வேலை. அவளைத் தனி அறைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, மெதுவாக மூச்சுவிடச் சொல்லுங்கள். யாரும் வீடியோ எடுக்கக் கூடாது. வலிப்போ காய்ச்சலோ இருந்தாலோ, கொஞ்ச நேரத்தில் தெளியாவிட்டாலோ 108. ஆடியதற்காக வார்டன்கள் தண்டிக்கக் கூடாது. தண்டனைக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாரக்கணக்கில் மறைக்கிறார்கள். பெற்றோரும் "ஏண்டி ஆடின?" என்பதை அப்புறம் கேட்கலாம், முதலில் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். நாணயத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு இப்போது நடுங்குகிற தங்கையே, அதில் ஒரு கமர்கட் வாங்கித் தின்றுவிடு, ஒன்றும் ஆகாது. அப்புறமும் தூக்கம் வராவிட்டால் அரசின் டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடு: 14416. காசு கிடையாது, ராப்பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.