உஷார்! ஈரப் புல்லில் விமானத்தைக் கிளப்பும் முன்

கியூபெக்கின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து விமானம் ஓட்டப் பழகப் போகும் தம்பி தங்கைகளே, கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள்.

நீங்கள் பழகுவது பெரும்பாலும் தார் ஓடுபாதையில். மென்தரையிலிருந்து எழும்பும் முறையைக்கூடத் தாரையே புல்லாகப் பாவித்துத்தான் அநேகமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஒரு கோடையில், கியூபெக் நாட்டுப்புறப் புல் ஓடுபாதை ஒன்றில் இறங்குவீர்கள். இரவு மழை கொட்டும். காலையில் வானம் வெளுத்திருக்கும், காற்றும் இராது. புறப்படலாம் என்றுதான் தோன்றும். ஆபத்து சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது.

செஸ்னா 172எஸ் முழுச் சுமையோடு, கடல் மட்டத்தில், 20 பாகை வெப்பத்தில் 50 அடி உயரத்தைத் தாண்டச் சுமார் 1,690 அடி வேண்டும். இது காய்ந்த தார்ப் பாதைக்கான கணக்கு. காய்ந்த புல் என்றால், தரையில் ஓடும் தூரத்தோடு 15 சதவீதம் கூட்டச் சொல்கிறது அதன் கையேடு. ஈரப் புல்லுக்கு அந்த அட்டவணையில் கணக்கே இல்லை! பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் காய்ந்த புல்லுக்கு 1.2 ஆலும் ஈரப் புல்லுக்கு 1.3 ஆலும் பெருக்கச் சொல்கிறது. அதன் மேல் பாதுகாப்புக்காக இன்னொரு 1.33. பெருக்கிப் பாருங்கள். நேற்றுக் காய்ந்திருந்தபோது சுமார் 2,700 அடி போதும். இன்று 2,900 தாண்டுகிறது. 2,800 அடிப் பாதை நேற்றுக்குச் சரி, இன்றைக்குக் காணாது. தரை பொதபொதத்தால் இன்னும் 1.25 ஆலோ அதற்கு மேலோ பெருக்க வேண்டும்.

நீளம் பாதிப் பிரச்சினைதான். பாதை பாதி முடியும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிடு என்பது விமானிகளின் பழைய விதி. ஈரப் புல்லில் அதை மட்டும் நம்பாதீர்கள். பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மிச்சப் பாதி நிற்கப் போதாது. வேகம் மந்தமாக ஏறுகிறது என்று பட்ட கணமே த்ராட்டிலை மூடுங்கள்.

மரங்கள் நெருங்குவதைப் பார்த்து மூக்கை இழுக்கவே கூடாது. தரையை ஒட்டி இறக்கைக்குக் கூடுதல் தாங்கல் கிடைப்பதால் குறைந்த வேகத்திலேயே விமானம் எழும்பிவிடும். வேகம் சேருமுன் மேலே ஏற்றினால் அந்தத் தாங்கல் போய்விடும், விமானம் ஸ்டால் ஆகலாம், அதாவது இறக்கை அதைத் தாங்கும் சக்தியை இழக்கலாம். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை.

1958 பெப்ரவரி 6 அன்று மியூனிக்கில், மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் இருந்த விமானம் ஓடுபாதையின் பனிச்சேற்றில் மாட்டி 117 நாட் (knots) வேகத்திலிருந்து 105க்கு இறங்கியது. 23 பேர் மாண்டார்கள். இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்துக்கே அந்தக் கதி என்றால், 180 குதிரைவலு செஸ்னா எம்மாத்திரம்? கியூபெக்கில் பனி உருகும் ஏப்ரலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஜே.ஆர்.டி. டாட்டா 1932இல் கராச்சியிலிருந்து தொடங்கிய, மதராஸ் வரை நீண்ட தபால் விமான சேவைக்கு, பம்பாயின் ஜூஹு சேற்றுநிலம்தான் தளம். மழைக்காலம் வந்ததும் விமானங்களோடு பூனாவுக்கு இடம் மாறினார்கள். ஈரத் தரையோடு அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. துணிச்சலில் யாருக்கும் குறைந்தவர்களா அவர்கள்?

ஆகவே புறப்படும் முன் ஓடுபாதை முழுவதையும் நடந்து பாருங்கள். குதிகால் புதைகிறதா, எங்கே தண்ணீர் தேங்குகிறது, புல் எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள்; தளத்தின் உரிமையாளரிடமும் கேளுங்கள். சுமையைக் குறையுங்கள். அப்படியும் கணக்கு உதைத்தால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்: தரை காய்ந்த பிறகுதான் வருவேன் என்று.