விருந்து ஓட்டலுக்கு நாட்டு ரகம்: எவ்வளவு பயிரிடலாம்?

நாட்டு நெல்லும் நாட்டுக் கீரையும் இப்போது பெரிய ஓட்டல்களின் மேசைக்குப் போகின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கும் ஓட்டல்கள் அவை. இதைக் கேட்டதும், உள்ள நிலம் முழுவதிலும் நாட்டு ரகத்தைப் போட்டுவிட்டால் என்ன என்ற ஆசை எழுவது இயற்கை. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அப்படிச் செய்து, விளைந்த நெல்லை வாங்க ஆள் இல்லாமல் போனால், அந்தப் போகத்து உழைப்பு கடனில்தான் முடியும். ஆகவே அந்தச் சாப்பாடு எப்படிப்பட்டது, அதற்கு எவ்வளவு சரக்கு தேவைப்படும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

விருந்து நடக்கும் விதம்

இந்த ஓட்டல்களில் சாப்பிட வருபவர் இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்குவதில்லை. அன்றைக்கு என்ன என்பதைச் சமையற்காரரே தீர்மானிக்கிறார். ஏழு வகை, பத்து வகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்க்கு மேல் இராது. சாப்பிட்டு எழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பருவத்தில் கிடைப்பதையும், அந்தந்த ஊர்ப் பொருளையும் வைத்துச் சமைப்பதே இவற்றில் பலவற்றின் பெருமை.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் 2003-ல் தொடங்கிய 'நோமா' என்ற உணவகம் இந்த வழியில் உலகப் புகழ் பெற்றது. அந்த நாட்டுக் காட்டிலும் கடற்கரையிலும் கிடைக்கும் செடிகளையும் அது விருந்தாக்கியது. நம் நாட்டில் மும்பையில் 2016-ல் 'மாஸ்க்' என்ற உணவகம் தோன்றியது. பெங்களூரு அருகே 'ஃபார்ம்லோர்' என்ற உணவகம் ஒரு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. சென்னை கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் 2017-ல் தொடங்கிய 'ஆவர்த்தனா', நம் ரசத்தையும் பொரியலையும் இந்த முறையில் வரிசையாகப் பரிமாறுகிறது.

காஞ்சிக்குப் புதிதல்ல

சமைப்பவர் தீர்மானித்து, வந்தவர் மகிழ்ந்து உண்பது காஞ்சிபுரத்தில் பழைய வழக்கம்தான். வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை நாம் அறிவோம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி வெகு நேரம் ஆவியில் வேக வைக்கிறார்கள். இதில் அரிசியும் உளுந்தும் வயலில் விளைபவை. மந்தாரை இலை மரத்திலிருந்து வருவது. குடலை மூங்கில் வேலை செய்பவரின் கைப்பொருள். ஒரு பிரசாதத்தில் இத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது. ஊரும் பொருளும் சேர்ந்துதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. ஓட்டல்காரர் விலை கொடுப்பதும் இத்தகைய பெயருக்குத்தான்.

ஒரு சிறு கணக்கு

ஓட்டலில் ஓர் இரவுக்கு 40 பேர் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பல வகைகள் பரிமாறுவதால் ஒருவருக்கு 30 கிராம் அரிசி போதும். ஓர் இரவுக்கு 1,200 கிராம் ஆகிறது. ஆண்டுக்கு 300 நாள் நடந்தாலும் 360 கிலோ அரிசிதான். நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று கொண்டால், இதற்குச் சுமார் 554 கிலோ நெல் வேண்டும். 75 கிலோ மூட்டையில் சுமார் ஏழரை மூட்டை! சுமாரான மகசூல் வந்தாலும் அரை ஏக்கரில் இது விளைந்துவிடும். அதையும் அவர்கள் ஒருவரிடமே வாங்குவார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இத்தகைய ஓட்டல் தானியத்துக்குப் பெரிய சந்தை அல்ல. விலை நன்றாக இருக்கலாம், அளவு சிறிது. அதை நம்பி நிலம் முழுவதையும் மாற்றக் கூடாது.

எதை விற்கலாம்?

சிறிய அளவில், குறித்த நாளில், புதிதாகத் தேவைப்படும் பொருள்களே சிறு விவசாயிக்கு ஏற்றவை. நம் வரப்பிலும் வேலியிலும் தோப்பிலும் இவை பல உள்ளன. மாசி, பங்குனியில் மாவடுவும் வேப்பம்பூவும் கிடைக்கும். கோடையில் நுங்கு, கொடுக்காப்புளி. ஆனி, ஆடியில் நாவற்பழம். மார்கழி, தையில் பனங்கிழங்கு, பச்சை மொச்சை. பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி ஆகியவற்றைத் தண்ணீர் வசதி உள்ள இடத்தில் நான்கைந்து சென்ட்டில் வளர்த்தால் பல மாதங்களுக்குப் பறிக்கலாம். வேலி ஓரம் இரண்டு மந்தாரை மரம் வைத்தால் இலைக்கு ஆகும்.

கீரையை விடியற்காலையில் பறிக்க வேண்டும். வெயிலில் வைக்காமல், வாழை இலையில் சுற்றி, ஈரத் துணியால் மூடி அனுப்ப வேண்டும். கலப்பில்லாமல், களை இல்லாமல், ஒரே அளவாகக் கட்டினால்தான் அடுத்த முறையும் கேட்பார்கள். பூச்சி மருந்து அடித்த வயலின் வரப்பில் பறித்ததைக் கொடுக்கவே கூடாது.

நாட்டு நெல் போடுபவர்களுக்கு

குறுகிய கால ரகமான பூங்கார் சொர்ணவாரிப் பட்டத்துக்கு ஏற்றது. கிச்சிலிச் சம்பாவையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் சம்பாப் பட்டத்தில் போடலாம். நாட்டு ரகங்களில் பல உயரமாக வளர்வதால், தழைச்சத்து அதிகமானால் சாய்ந்துவிடும். தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுது, தொழு உரம் இட்டால் பெரும்பாலும் போதும். பூக்கும் தருணத்தில் வயலில் இறங்கி, வேறு ரகப் பயிரைப் பிடுங்கி அகற்ற வேண்டும். களத்தையும் சாக்கையும் சுத்தம் செய்த பிறகே அடிக்க வேண்டும். ரகத்தின் பெயரைச் சொல்லி விற்கும்போது, கலப்பு நெல் பெயரைக் கெடுத்துவிடும்.

பாரம்பரிய நெல்லைக் காக்கத் தமிழ்நாடு அரசு நெல் ஜெயராமன் பெயரில் ஓர் இயக்கம் நடத்துகிறது. விதை குறித்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். அறுவடையில் அடுத்த பட்டத்துக்கான விதையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியையே விற்பனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேச்சும் பணமும்

விதைக்கும் முன்பே வாங்குபவரிடம் பேச வேண்டும். எந்தப் பொருள், எந்த மாதம், வாரத்துக்கு எத்தனை கிலோ, என்ன விலை, பணம் எத்தனை நாளில் என்ற ஐந்தையும் எழுதி வாங்க வேண்டும். ஓட்டலில் சமையற்காரர் மாறினால் உணவு வகையும் மாறும். வாய்ப்பேச்சை நம்பிப் பயிர் போட முடியாது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். இரண்டு கிலோ பிரண்டையைத் தனியாக எடுத்துப் போனால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, வாரம் இரண்டு நாள் ஒரே வண்டியில் அனுப்பலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கும் ஊரில் அதன் மூலம் விற்றால் ரசீதும் கணக்கும் ஒழுங்காக இருக்கும்.

நெல்லுக்கோ இன்னும் இரண்டு வழிகள் கைவசம் இருக்க வேண்டும். ஊரில் தெரிந்த இருபது குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியாகக் கொடுப்பது ஒன்று. அவல், புட்டு மாவு என்று பக்குவப்படுத்தி விற்பது மற்றொன்று. ஓட்டல் நின்றாலும் இவை நிற்கா.

எனவே தொடக்கத்தில் பத்து சென்ட்டுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். மீதி நிலத்தில் வழக்கமான பயிர் இருக்கட்டும். அந்தப் பத்து சென்ட்டில் விளைந்தது விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகு, அடுத்த பட்டத்தில் இன்னொரு பத்து சென்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.