லண்டனில் வில்லன், சிவகாசியில் நாயகன்

1962 அக்டோபரில் லண்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. முதல் இதழிலேயே இடம்பெற்ற தொடர்களில் ஒன்று ‘தி ஸ்டீல் க்ளா’. பத்து வருடம் கழித்து, 1972-ல், சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக அதே கதை வந்தது. தமிழில் அதன் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’.

லூயிஸ் கிராண்டேல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். வலது கைக்குப் பதில் இரும்புக்கை. ஒரு விபத்தில் மின்சாரம் பாய, உடல் மறைந்துபோகிறது; கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த சக்தி கிடைத்ததும் அவன் முதலில் இறங்குவது குற்றச் செயல்களில்தான். திருந்தி, ‘நிழல் படை’ என்ற உளவு அமைப்பின் உளவாளியாவதெல்லாம் பிறகு. ஜேம்ஸ் பாண்ட் அலை அடித்த காலம் அது. இரும்பு விரல்களுக்குள் துப்பாக்கி முதலான கருவிகள் புகுந்தன. அமெரிக்க சூப்பர் ஹீரோக்களைப் பார்த்து ஒரு கட்டத்தில் அவனுக்கு விசேஷ உடையும் மாட்டிவிட்டார்கள். அந்த உடை எடுபடவில்லை என்பது என் எண்ணம்.

தொடக்கக் கதைகளை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். பிறகு டாம் டல்லி. ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவோ பார்சலோனாக்காரர். ஸ்பெயின் பதிப்பகங்களைவிட லண்டன் பதிப்பகங்கள் கூடுதலாகச் சம்பளம் கொடுத்ததால், அந்நாளில் ஸ்பானிய ஓவியர்கள் பலர் ஏஜென்சிகள் வழியாக இங்கிலாந்துக்கு வரைந்தார்கள். பிளாஸ்கோவின் முகங்கள் புகைப்படம் போல இருக்கும், நிழல்கள் அடர்கறுப்பு. மட்டமான தாளில் அச்சிட்டாலும் அந்தக் கறுப்பு நின்றது. வண்ணம் கட்டுப்படியாகாத தமிழ்ப் பதிப்புக்கு இது பெரிய வரம்.

வார இதழில் ஒரு தவணைக்குக் கிடைத்தது சில பக்கங்களே. அடுத்த வாரமும் பையன் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தவணையும் ஆபத்தில் முடிந்தாக வேண்டும். லண்டன் பையன் மாதக்கணக்கில் காத்திருந்து படித்ததை, முத்து காமிக்ஸ் ஒரே புத்தகமாகக் கட்டித் தந்தது. விளைவு, சில பக்கங்களுக்கு ஒரு கண்டம்! தமிழ் வாசகர்கள் இன்றும் சிலாகிக்கும் அந்த வேகத்தில் பாதி, வார இதழின் வியாபாரக் கணக்கு. மீதி பிளாஸ்கோ.

இந்தப் பெயர்கள் எதுவும் அன்று நமக்குத் தெரியாது. இங்கிலாந்துப் பையன்களுக்கும் தெரியாது. கதை, ஓவியம் யாருடையது என்று அச்சிடும் வழக்கம் அங்கே 1977-ல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழுக்குப் பிறகுதான் வேரூன்றியது. இப்படிப் பெயர் மறைந்திருந்தவர்களில் இன்னொருவரும் உண்டு: பிற்பாடு தமிழில் லயன் காமிக்ஸ் வெளியிட்ட ‘ஸ்பைடர்’ என்ற பிரிட்டிஷ் தொடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். நியூயார்க்கை மிரட்டிய அந்தக் கூர்க்காது ஆசாமிக்குப் பின்னால் அவர் இருந்தார் என்று சொன்னால் பழைய வாசகர்களே சட்டென நம்ப மாட்டார்கள்.

‘வேலியண்ட்’ 1976-ல் வேறொரு இதழோடு இணைக்கப்பட்டு மறைந்தது. கதைகளின் உரிமை கைமாறிக்கொண்டே போனது. 2018-ல், பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தின் பெரும்பகுதியை வாங்கியது ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன். ‘ஸ்னைப்பர் எலீட்’ வீடியோ கேம்களை உருவாக்கும் நிறுவனம் அது. ‘2000 ஏடி’யும் அதன் கையில்தான் இருக்கிறது. ஸ்பைடரையும் ஸ்டீல் க்ளாவையும் தொகுப்புகளாக மறுபதிப்பு செய்துவருகிறது. ஸ்டீல் க்ளா தொகுப்பு, கிராண்டேல் குற்றவாளியாகத் திரிந்த காலத்திலிருந்தே தொடங்குகிறது. புல்மர், டல்லி, பிளாஸ்கோ மூவரின் பெயரும் இந்த முறை புத்தகத்தில் உண்டு.