நஞ்சுக் கழிவும் நாட்டு நலமும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பகுதியிலே, நெல்லும் காய்கறியும் பயிரிடும் உழவர் குடும்பம் ஒன்றின் முற்றத்தை நேயர்கள் மனக்கண் முன் கொண்டுவரலாம். வேலியோரத்தில் கிருமிநாசினி இருந்த வெறும் போத்தல்கள் இரண்டு கிடக்கின்றன. மூலையிலே பழைய பற்றரி ஒன்று. தாழ்வாரத்திலே பழுதான குழல்விளக்கொன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. இவற்றைக் குப்பை என்றே வீட்டார் எண்ணுவர். வாழையிலையும் காய்கறித் தோலும் குப்பைதான். ஆயினும் அவை மக்கி உரமாகின்றன. முன்னர்க் கூறியவையோ மண்ணிற் சேர்ந்து மண்ணையே கெடுப்பவை.

நஞ்சாதல், எளிதில் தீப்பற்றுதல், தொட்டதை அரித்தல், பிற பொருளோடு கூடி வெடித்தல் ஆகிய இயல்புகளில் ஒன்றேனும் உடைய கழிவையே அபாயக் கழிவு என்பர். நோய்க்கிருமி தொற்றிய மருத்துவமனைக் கழிவும் இவ்வகையிற் சேரும்.

இவற்றால் விளையும் கேடு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பற்றரியில் உள்ள ஈயம் தூசியாகவோ நீர்வழியாகவோ குழந்தையின் உடலிற் புகுந்தால், மூளையின் வளர்ச்சியைத் தடுக்கும். இவ்வளவு ஈயம் உடலிற் சேர்ந்தாற் கேடில்லை என்று வரையறுக்கத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. குழல்விளக்கில் இருப்பது சிறிதளவு பாதரசமே. ஆனால் பாதரசம் நீர்நிலையை அடைந்தால், நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய சேர்வையாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் செல்லுந்தோறும் செறிவு கூடுகின்றது. யப்பான் நாட்டு மினமாட்டாவில், ஆலையொன்று கடலில் விட்ட பாதரசக் கழிவினால் நரம்புகள் சிதைந்த மக்களின் நோய் 1956ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அந்நோயாளர் என அரசாங்கம் ஏற்றுக்கொண்டவர்களின் தொகை 2,000ஐத் தாண்டும்.

கழிவைத் தீயிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் கருதுவர். அது தவறு. பிளாஸ்ரிக்கையும் நஞ்சுப் போத்தலையும் முற்றத்துத் தீயில் இட்டால், போதிய வெப்பமின்மையால் அவை முற்றாக எரியமாட்டா. குளோரின் கலந்த பிளாஸ்ரிக் எரியும்போது டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றலாம். அடுப்படியில் நிற்கும் தாயும் அருகில் விளையாடும் பிள்ளையுமே அப்புகையை முதலில் உட்கொள்வர்.

கழிவை உண்டாக்குபவர் ஒருவர், அதன் துன்பத்தை அனுபவிப்பவர் மற்றொருவர் என்பதே இதில் உள்ள பெரும் அநீதி. 1987, 1988ஆம் ஆண்டுகளில், நைஜீரியாவின் கோக்கோ என்னும் ஊரிலே, ஒருவரின் நிலம் மாதம் நூறு டொலர் வாடகைக்கு எடுக்கப்பட்டு, இத்தாலியிலிருந்து வந்த நஞ்சுக் கழிவு நிறைந்த ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் அங்கே குவிக்கப்பட்டன. இத்தகைய செயல்களால் எழுந்த கண்டனத்தின் விளைவாக, 1989ஆம் ஆண்டிலே பாசல் சமவாயம் உருவாயிற்று. பெறும் நாட்டின் முன் சம்மதமின்றி அபாயக் கழிவை அனுப்பலாகாது என்பது அதன் சாரம். இலங்கை 1992இல் அதில் இணைந்தது.

அச்சமவாயத்தின் பயனை இலங்கை நேரிலே கண்டது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் வந்திறங்கின. அவற்றுள் மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கத் திணைக்களம் அறிவித்தது. சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. 2020 செப்ரெம்பரில் 21 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. ஏனையவற்றையும் அனுப்புமாறு அடுத்த மாதம் நீதிமன்றம் கட்டளையிட்டது. இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியிலே கொழும்புத் துறைமுகத்தை விட்டு நீங்கியது.

துறைமுகத்தில் வந்த கழிவைத் திருப்பி அனுப்ப முடிந்தது. கிணற்றடியில் ஊறும் நஞ்சைத் திருப்பி அனுப்ப இடமில்லை. ஆகவே பல்லேபொல உழவர் செய்யத்தக்கவை சில உண்டு. கிருமிநாசினிப் போத்தல் வெறுமையானவுடன் மும்முறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிடவேண்டும், வாய்க்காலில் ஊற்றலாகாது. பின்னர்ப் போத்தலில் துளையிட வேண்டும். துளையிட்ட போத்தலில் எவரும் மண்ணெண்ணெயோ குடிநீரோ வைக்கமாட்டார். பழைய பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்காது, சேகரிப்போரிடம் முழுதாகக் கொடுத்தல் வேண்டும். குழல்விளக்கை உடையாமல் உறையிலிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் நன்று.

இவை வீட்டாரின் கடமைகள். சேர்த்து வைத்தவற்றைப் பெற்றுச் செல்ல வழிசெய்வது ஊராட்சியின் கடமை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் வழி, மத்திய சுற்றாடல் அதிகார சபை இத்துறையை மேற்பார்வை செய்கின்றது. எனினும் சேகரிக்கும் வண்டி கிராமத்தை எட்டாதவரை, உழவர் தம் போத்தல்களை மீண்டும் வேலியோரத்திலேதான் வைப்பர். ஆதலின், பிரதேச சபையிடம் அவ்வசதியைக் கேட்டுப் பெறுவதும் ஊரார் தம் கிணற்றைக் காக்கும் முயற்சியின் ஒரு பகுதியே ஆகும்.