பதினாலு வயசு ஒற்றன் கம்பத்துல ஏன் பிறக்கல?

ஆங்கிலத்தில் ஒரு வகை நாவல் உண்டு. நாயகனுக்குப் பதினாலு வயசு இருக்கும். பகலில் பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம். லீவு விட்டால் உளவுத்துறைக்கு வேலை. 2000இல் ஆன்டனி ஹாரோவிட்ஸ் எழுதிய 'ஸ்டார்ம்பிரேக்கர்' இதில் ரொம்பப் பிரபலம். அலெக்ஸ் ரைடர் என்ற பையன் அதில்தான் அறிமுகமானான். 2004இல் ராபர்ட் முச்சமோரின் 'செரப்' வரிசை வந்தது. 2005இல் சார்லி ஹிக்சன், ஜேம்ஸ் பாண்டின் பள்ளிப்பருவத்தையே 'சில்வர்ஃபின்' என்ற நாவலாக எழுதினார்.

எங்க அக்கா மகன் கம்பத்தில் எட்டாவது படிக்கிறான். ரெண்டு வருஷமா இதே புத்தகங்கள்தான் அவன் கையில். ஒருநாள், "மாமா, இதே மாதிரி நம்ம ஊர்ல நடக்குற கதை தமிழ்ல இருக்கா?" என்று கேட்டான். துப்பறியும் சிறுவர்கள் தமிழில் உண்டு. பேய் வீட்டுக்குள் போய்ப் புதையல் எடுத்து வரும் சிறுவர்களும் உண்டு. ஆனால் ஓர் அரசாங்கமே கூப்பிட்டு வேலை கொடுக்கிற பதின்வயது ஒற்றன் என்பது தமிழில் ஒரு தனி வகையாக வளரவில்லை. ஏன் வளரவில்லை என்று யோசித்தபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை.

இந்தக் கதை எப்படி ஓடுகிறது?

இந்த நாவல்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூணு சக்கரங்கள் தெரியும்.

முதல் சக்கரம்: பெற்றோர் இருக்கக் கூடாது. அப்பா அம்மா இருந்தால் பிள்ளையை எதிரியின் கோட்டைக்குள் அனுப்புவார்களா? அதனால் ஆசிரியர் அவர்களை முதலிலேயே அப்புறப்படுத்திவிடுவார். அலெக்ஸுக்குப் பெற்றோர் இல்லை. வளர்த்த சித்தப்பாவும் முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோகிறார். 'செரப்' அமைப்பில் சேர்க்கப்படும் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆதரவற்றவர்கள்தான்.

இரண்டாவது சக்கரம்: ஒரு நிறுவனம் வேண்டும். பயிற்சி கொடுக்க, கருவி கொடுக்க, மாட்டிக்கொண்டால் முடிந்தால் காப்பாற்ற. அலெக்ஸுக்கு எம்.ஐ.6 யோ-யோ தருகிறது, உலோகத்தை அரிக்கும் பருக் களிம்பு தருகிறது. துப்பாக்கி மட்டும் தராது, சின்னப் பையனாம்! அந்தக் களிம்பைப் படித்த பிள்ளைகள் லேசில் மறப்பதில்லை.

மூன்றாவது சக்கரம்தான் முக்கியம்: சின்னப்பிள்ளையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'செரப்' வரிசை முழுக்க இந்த ஒரே காரணத்தின் மேல்தான் நிற்கிறது.

இது லண்டனில் கண்டுபிடித்த யோசனை இல்லை. திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59ஆவது. பத்துக் குறளும் உளவு பற்றியவை. பார்ப்பவர் சந்தேகப்படாத தோற்றம், முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாத நெஞ்சு, மனசில் உள்ளதை எங்கேயும் வெளியே விடாத வாய், இந்த மூணும் உள்ளவனே ஒற்றன் என்று ஒரு குறள் சொல்கிறது. இந்த மூணில் முதலாவது பதினாலு வயசுப் பிள்ளைக்கு இயல்பிலேயே உண்டு. மற்ற ரெண்டும்தான் கதை.

'ஸ்டார்ம்பிரேக்கர்' கதையில் ஒரு கோடீஸ்வரர் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கணினி கொடுக்கிறார். உள்ளே பெரியம்மைக் கிருமி. சின்ன வயசில் அந்த நாட்டுப் பள்ளியில் தன்னைக் கேலி செய்ததற்குப் பழிவாங்குகிறாராம். 2011இலிருந்து விலையில்லா மடிக்கணினி வாங்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நம்ம ஊரில் அதற்குள் கிருமி தேட வேண்டாம், சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும்!

இந்த வகையின் தாத்தா ஓர் இந்தியக் கதை

அலெக்ஸ் ரைடரின் தாத்தா யார் என்று பின்னோக்கிப் போனால் லாகூரில் போய் நிற்போம். 1901இல் புத்தகமாக வந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்'. அயர்லாந்துச் சிப்பாயின் அனாதை மகன் கிம், லாகூர் கடைத்தெருவில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறான். ஒரு திபெத்திய லாமாவுக்குச் சீடனாக ஊர் சுற்றுகிறான். வழியில் குதிரை வியாபாரி மஹ்பூப் அலி கொடுக்கும் ரகசியச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். பிறகு கர்னல் கிரெய்ட்டன் அவனைப் படிக்க வைத்து, பிரிட்டிஷ் உளவுப் பணிக்குத் தயார் செய்கிறார். மேலே சொன்ன மூணு சக்கரமும் இதிலேயே இருக்கிறது.

கிம்முக்குப் பள்ளியில் தரும் முக்கியமான பயிற்சி நில அளவை. அன்றைய இந்தியாவில் அளவையும் உளவும் பக்கத்துப் பக்கத்து அறைகள். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைதான் வளர்ந்து இமயம் வரை போனது. அந்தத் துறை அனுப்பிய நைன் சிங் ராவத், 1860களில் யாத்திரீகர் வேஷத்தில் லாசா வரை நடந்தார். தன் காலடிகளை எண்ணுவதற்காக, 108 மணிக்குப் பதிலாக 100 மணி கோத்த ஜெபமாலை வைத்திருந்தார். ஜெபம் போலத் தெரியும், நடப்பது கணக்கு.

சிம்லாவில் லர்கன் என்பவர் கிம்முக்கு ஒரு விளையாட்டு சொல்லித் தருவார். தட்டில் ரத்தினக் கற்களைப் பரப்பிக் காட்டி, மூடிவிட்டு, என்னென்ன இருந்தன என்று கேட்பார். பேடன் பவல் 1908இல் சாரணர் நூலில் இதைச் சேர்த்தார். நம்ம பள்ளிகளில் சாரணர் படையில் இருந்தவர்கள் தட்டில் பேனா, சாவி, பொத்தான் வைத்து ஆடியிருப்பார்கள். அது ஓர் ஒற்றனின் பயிற்சி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாம் படித்த ஒற்றர்கள்

அப்போ தமிழ்ப் பிள்ளைகள் உளவுக் கதை படிக்கவே இல்லையா? நல்லாவே படித்தோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. மாயாவி பிரிட்டிஷ் 'வேலியண்ட்' இதழின் 'ஸ்டீல் க்ளா'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். பிற்பாடு நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் உளவாளி. லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, காரிகன் என்று ஒரு பட்டாளமே பின்னால் வந்தது. 1984இல் லயன் காமிக்ஸில் மாடஸ்டி, ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட். இந்தப் பக்கம் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிந்தார்.

இவர்கள் எல்லாருமே பெரியவர்கள். வாசகனுக்கு மட்டும்தான் பன்னிரண்டு வயசு. மாயாவியைப் படித்துவிட்டுக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடலாம், அவ்வளவுதான். கதைக்குள் நம்ம வயசு ஆள் கிடையாது.

காரணம் சக்கரங்களிலேயே இருக்கிறது. தமிழ்ச் சிறுவர் கதையில் பெற்றோரை அவ்வளவு லேசாக அப்புறப்படுத்த முடியாது. அம்மா சாப்பாட்டுக்குத் தேடுவாள். அப்பா இல்லாவிட்டால் தாய்மாமா வருவார், அவரும் இல்லாவிட்டால் தெருவே விசாரிக்கும். பெரும்பாலான நம்ம சிறுவர் நாவல்கள் அதனால்தான் கோடை விடுமுறையில் தாத்தா ஊருக்குப் போய் நடக்கின்றன.

ஆனால் எனக்கு இரண்டாவது சக்கரம்தான் பெரிய தடையாகப் படுகிறது. அரசாங்கம் ரகசியமாக உன்னைக் கூப்பிட்டு, "நீ எங்களில் ஒருவன்" என்று சொல்கிறது. இதை லண்டன் பையன் நம்புவான். எங்க பள்ளத்தாக்குப் பையன் நம்புவானா?

கண்காணித்தவர்கள், கண்காணிக்கப்பட்டவர்கள்

கிம் வந்து பத்து வருஷம் கழித்து, 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் 1910களின் நடுவிலிருந்து அது பாய்ந்தது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும். ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

இப்போ ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பேரரசு. கிம் லாகூரிலிருந்து இமயமலை வரை, வேஷத்துக்கு வேஷம் மாற்றி, ரயிலிலும் கால்நடையாகவும் சுற்றுகிறான். அது சாகசம். இங்கே ஒருவன் சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர் போனாலும் சீட்டு காட்ட வேண்டும். அது குற்றம். கிம்மிடம் இருந்த இரவு நடமாட்டம், பாதை தெரிந்த கால், ஆள் அடையாளம் மாற்றும் சாமர்த்தியம் எல்லாம் இங்கே ஒருவனிடம் இருந்தால், அவன் பெயர் போலீஸ் பதிவேட்டில் ஏறும்.

உளவுக் கதை எப்போதும் பார்க்கிறவன் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. பார்க்கப்பட்டவனின் பேரப்பிள்ளை அதைப் படிக்கும்போது எந்தப் பக்கம் நிற்பான்? பதின்வயது ஒற்றன் இங்கே பிறக்காததற்கு இதை மட்டுமே காரணமாகச் சொல்ல மாட்டேன். பதிப்பகங்களின் பொருளாதாரமும் இருக்கிறது, பதின்வயதினருக்கென்று தனியாக எழுதும் வழக்கம் நம்மிடம் தாமதமாக வந்ததும் இருக்கிறது. ஆனால் இனிமேல் இந்த ஊரை வைத்து அப்படியொரு நாவல் எழுதுகிறவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

சரி, எழுதினால் எப்படி இருக்கும்?

களத்துக்குப் பஞ்சமே இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளாவுக்கு ஏறும் மூணு மலைப்பாதைகள், மூணிலும் சோதனைச்சாவடி. 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. போடியிலும் அந்தப் பக்கம் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலம். எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில், சித்ரா பௌர்ணமி அன்றைக்கு ஒரே ஒரு நாள்தான் பக்தர்களை விடுவார்கள், ரெண்டு மாநிலப் போலீசும் நிற்கும். இதைவிட என்ன வேணும் ஒரு உளவுக் கதைக்கு?

மலைக்குள் ரகசிய ஆய்வகம் வேண்டுமா? அதுவும் உண்டு, காகிதத்தில். தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்தில், மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு வந்தது, ஆய்வகம் எழும்பவில்லை. மலிவான உளவு நாவல் என்றால் உள்ளே ஒரு வில்லனை உட்கார வைத்துவிட்டு முடித்துக்கொள்ளும். நல்ல நாவல் தன் நாயகியை ரெண்டு பக்கமும் அனுப்பும். வானத்திலிருந்து வரும் துகளை அளக்க எதற்கு மலைக்குள் போக வேண்டும் என்று விஞ்ஞானியிடம் கேட்பாள் (மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும்). வெடி வைத்தால் ஊற்று என்னாகும், மேய்ச்சல் என்னாகும் என்று ஊர்க்காரரிடம் கேட்பாள். வதந்தி எது, நியாயமான கேள்வி எது என்று பிரிக்கத் தெரிந்தவளே ஒற்று.

நாயகி என்று தெரிந்துதான் சொன்னேன். விடியக்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள். அந்த ஜீப்பில் லீவு நாளில் அம்மாவோடு போகும் ஒரு எட்டாவது படிக்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். தமிழும் மலையாளமும் பேசுவாள். சோதனைச்சாவடியில் அவளை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். வள்ளுவர் கேட்ட சந்தேகப்படாத தோற்றம் இதுதான். அம்மாவை அப்புறப்படுத்தவும் வேண்டாம், அம்மா பக்கத்து வரிசையில் காய் எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவள் பார்த்ததை யாரிடம் சொல்வாள்? இங்கேதான் அலெக்ஸ் ரைடரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அந்த வரிசையின் நல்ல பகுதி யோ-யோவும் களிம்பும் இல்லை. எம்.ஐ.6 அவனை மிரட்டித்தான் வேலைக்கு எடுக்கிறது, அவனைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணை நாடு கடத்திவிடுவோம் என்று. தன்னை ஏவுகிறவர்கள் நல்லவர்களா என்ற சந்தேகம் அவனை விடுவதே இல்லை. 'ஸ்கார்பியா' நாவலில் எதிரி அமைப்பிலேயே போய்ச் சேர்ந்தும் பார்க்கிறான்.

எங்க ஊர்ப் பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் முதல் பக்கத்திலேயே இருக்கும். அவள் எடுக்கும் குறிப்பு ஒரு துறைக்குப் போகாமல், ஜீப்பில் வரும் நாற்பது பெண்களின் கூலிக் கணக்கைச் சரிபார்க்கப் போகலாம். யாருக்காகப் பார்க்கிறோம் என்று அவளே முடிவு செய்கிற கதை அது. கண்ணும் காதும் அதே கிம்முடையதுதான், எஜமான் மட்டும் இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தட்டு விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஏலக்காய், திராட்சைக் கொத்து, பஸ் டிக்கெட், சாவி என்று பதினைந்து பொருள், ஒரு நிமிஷம். சொல்லி முடித்ததும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: இதையெல்லாம் இந்தத் தட்டில் வைத்தது யார், எதற்காக?