பெயர் எழுதிய படமே பெரிது

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் நினைவுக்கு வருவதுபோல, வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை என்றால் பட்டாளம்தான். ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பட்டப்பெயர். தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய இந்த வட்டாரத்தை மனத்தில் வைத்துத்தான், போரில் பதக்கம் பெற்ற அதிகாரிகள் கையெழுத்திட்ட புகைப்படங்களைச் சேகரிக்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். சேகரிப்புச் சந்தையில் வெறும் கையெழுத்து மட்டும் உள்ள படத்துக்குத்தான் பொதுவாக விலை அதிகம். 'இன்னாருக்கு அன்புடன்' என்று யாரோ ஒரு சாதாரண மனிதரின் பெயர் சேர்ந்துவிட்டால் விலை இறங்கும். நம் ஊருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வேண்டும்.

சாம் மானெக் ஷாவை எடுத்துக்கொள்வோம். 1942-ல் பர்மாவின் சிட்டாங் ஆற்றுச் சண்டையில் குண்டடிபட்டு மிலிட்டரி கிராஸ் பெற்றவர். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008-ல் வெலிங்டனில் மறைந்தார். 1969-ல் அவரிடம் ராணுவத் தலைமைத் தளபதிப் பொறுப்பை ஒப்படைத்த ஜெனரல் குமாரமங்கலமும் இரண்டாம் உலகப் போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கிய தமிழர். இவர்கள் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. வெறும் கையெழுத்து அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதே படத்தில் ஒரு டிரைவரின் பெயரோ ஹவில்தாரின் பெயரோ இருந்தால், வேறெங்கும் பதிவாகாத ஒரு உறவு அங்கே பதிவாகியிருக்கிறது. ராணுவ ஆவணத்தில் எல்லார் பெயரும் இருக்குமே என்று கேட்கலாம். எந்த ரெஜிமெண்ட், எத்தனை வருட சர்வீஸ் என்பது அதில் இருக்கும். இந்த ஆளை அதிகாரி மறக்கவில்லை என்பது இருக்காது.

காசு கொடுத்து வாங்குபவர்தான் படத்தைக் காப்பாற்றுகிறார், வீட்டில் விட்டால் பழைய பேப்பர் கடைக்குத்தானே போகும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் தொலைவது சுவரில் மாட்டிய படம்தான். ஆனால் எந்த ஊர், யார் வீடு என்ற விவரமில்லாமல் கைமாறிய படம் பாதி செத்த படம். போலியும் உண்டு. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனாவால் போட்ட கையெழுத்து பளபளப்பின் மேல் தனியாகத் தெரியும், மை ஓடிய கோடு அந்த மினுமினுப்பை வெட்டும். படத்தோடு சேர்ந்து அச்சான கையெழுத்தில் அந்த வித்தியாசம் இராது. பூதக்கண்ணாடி வைத்தால் பல சமயம் புள்ளி புள்ளியாகவே தெரிந்துவிடும். போலியைவிட எனக்குப் பெரிய கவலை லேமினேஷன். பத்திரப்படுத்துவதாக நினைத்துப் போடுகிறார்கள். அந்தச் சூடும் பசையும் ஏறிய படத்தை இனி யாராலும் மீட்க முடியாது, பின்பக்கத்தில் எழுதியதைச் சோதிக்கவும் முடியாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே இருக்கட்டும். தனியாக இருக்கும் படத்தை இரண்டு பக்கமும் செல்போனில் எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பது யார் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேட்டு, மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள்: பெயர், ஊர், ரெஜிமெண்ட்.